ரைடு சுரங்கமும் லண்டன் பெட்டிகளும்: வைட் தீவு மின்ரயிலின் வரலாறு

இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த வைட் தீவில், ரைடு படகுத்துறை முனையிலிருந்து ஷாங்க்ளின் வரை ஏறத்தாழ 13.6 கி.மீ. நீளத்துக்கு ஒரு மின்ரயில் பாதை உண்டு. 1967 முதல் இதில் ஓடிவரும் மின்வண்டிகளில் ஒன்றுகூட இந்தத் தடத்துக்கென்றே புதிதாகக் கட்டப்பட்டதில்லை. மூன்று தலைமுறைப் பெட்டிகளும் லண்டன் பாதாள ரயில் ஓட்டிக் கழித்தவை. இதைச் சிக்கனம் என்ற ஒரே சொல்லால் விளக்குவது வழக்கம். அந்த விளக்கம் போதாது. எந்தப் பெட்டி வரலாம் என்பதைப் பணத்துக்கு முன்பே ஒரு சுரங்கத்தின் கூரை தீர்மானித்துவிட்டது.

ரைடு நகரின் அடியில் செல்லும் அந்தச் சுரங்கம் 1880இல் திறக்கப்பட்டது. மழைநீரும் கடல்நீரும் அதற்குள் தேங்குவது தீராத தொல்லை. பிரிட்டிஷ் ரயில் பாதைகளைக் குறைப்பது பற்றி 1963இல் வெளிவந்த பீச்சிங் அறிக்கை தீவின் ரயில் பாதைகள் அனைத்தையும் மூடப் பரிந்துரைத்தது. 1966இல் மற்றவை மூடப்பட்டன. ரைடு–ஷாங்க்ளின் பகுதி மட்டும் தப்பியது. அவ்வாண்டு டிசம்பர் 31உடன் நீராவி வண்டிகளை நிறுத்தி, மூன்றாம் தண்டவாளம் வழியே 630 வோல்ட் நேர்மின்சாரம் பாய்ச்சும் வேலை நடந்தது. வெள்ளத்தைச் சமாளிக்கச் சுரங்கத்தின் தரைமட்டத்தை உயர்த்தியதால் தலைக்கு மேலிருந்த இடைவெளி சுமார் 25 செ.மீ. குறைந்தது. சாதாரண உயரமுள்ள ரயில் பெட்டி இனி உள்ளே நுழைய முடியாது. குறுகிய வட்டக் குழாய்களுக்குள் ஓடுவதற்கென்றே தாழ்வாகக் கட்டப்பட்ட லண்டன் டியூப் பெட்டிகளுக்குத் தீவில் இடம் கிடைத்தது இப்படித்தான்.

1967 மார்ச்சில் ஓடத் தொடங்கியவை 1923க்கும் 1934க்கும் இடையில் கட்டப்பட்டவை. மொத்தம் 43 பெட்டிகள் வாங்கப்பட்டன. இவற்றின் மோட்டார் பெட்டிகளில் ஓட்டுநர் அறைக்குப் பின்னால் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இடத்தை மின்கருவிகள் அடைத்துக்கொண்டிருந்தன. லண்டனில் நான்கு தண்டவாள முறையில் ஓடியவற்றை மூன்று தண்டவாள முறைக்கு மாற்றினார்கள். வரும்போதே வயதான இவை 1991 வரை உழைத்தன. ஓய்வுபெற்றபின் சில பெட்டிகளை லண்டனே பாதுகாப்புக்காகத் திரும்பப் பெற்றுக்கொண்டது. தான் கழித்தவற்றின் மாதிரியைத் தேட அது தீவுக்கு வர வேண்டியிருந்தது.

அடுத்து வந்த 1938ஆம் ஆண்டு வகைதான் என் பார்வையில் இவ்வரலாற்றின் உச்சம். இழுவைக் கருவிகள் முழுவதையும் பெட்டித் தளத்துக்கு அடியில் தள்ளி, பெட்டியின் நீளம் முழுவதையும் பயணிக்குக் கொடுத்த டியூப் வடிவமைப்பு அது. லண்டனில் 1988இல் விடைபெற்று, மறு ஆண்டு ஜூலையில் தீவில் ஓடத் தொடங்கியது. கடலுக்குள் நீளும் படகுத்துறையின் மேல் நாள்தோறும் ஓடிய எஃகு உடலை உப்புக்காற்று அரித்தது. மாற்று உறுப்புகளும் அருகின. ஒரு வண்டியைப் பிரித்து இன்னொன்றை ஓட்டும் நிலையிலும், 2021 ஜனவரி 3 வரை, எண்பது வயதைத் தாண்டி அவை ஓடின. அவற்றைக் கட்டிக்காத்த பணிமனைத் தொழிலாளர்களின் திறமைக்கு ரயில் வரலாற்று நூல்கள் இன்னும் உரிய இடம் தரவில்லை.

மூன்றாம் தலைமுறை, லண்டனின் டிஸ்ட்ரிக்ட் தடத்தில் 1980இல் பணிக்கு வந்து 2017 ஏப்ரலில் விலக்கப்பட்ட டி78 வகை. டியூப் பெட்டியைவிட உயரமானது என்றாலும் சாதாரண ரயில் பெட்டியைவிடத் தாழ்வானது. அதன் உடல் அலுமினியம் என்பதால் துருவுக்கு இடமில்லை. விவாரெயில் நிறுவனம் பெட்டியின் கூட்டை வைத்துக்கொண்டு மின்கட்டுப்பாட்டு அமைப்பைப் புதிதாகப் பொருத்தியது. இரண்டு பெட்டிகள் கொண்ட ஐந்து வண்டிகள் 2021 நவம்பர் 1 முதல் ஓடுகின்றன. பிரேடிங்கில் வண்டிகள் எதிரெதிரே விலகிச் செல்லும் இரட்டைத் தடமும் மீட்கப்பட்டது.

டி78 பெட்டிகளை மின்கலத்தில் ஓட்டும் முறையையும் உருவாக்கிவந்த விவாரெயில் 2022 டிசம்பரில் நொடித்துப்போனது. அதன் மின்கலத் தொழில்நுட்பத்தை கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே வாங்கித் தொடர்ந்தது. 2025 ஆகஸ்டில், டி78 பெட்டிகளால் ஆன ஒரு மின்கல வண்டி ஒரே மின்னேற்றத்தில் 320 கி.மீட்டருக்கு மேல் ஓடியது.