பழைய மடிக்கணினியில் கிற்றார், கீபோட் பயிற்சி: எதை நிறுவுவது, எதைத் தவிர்ப்பது?

மின்கிற்றார் வாங்கும் ஒருவரின் செலவு கிற்றாரோடு நிற்பதில்லை. அம்ப் வேண்டும், விளைவொலிப் பெடல்கள் வேண்டும், இவற்றை இணைக்க வயர்களும் வேண்டும். அயல்வீட்டாரின் பொறுமையும் வேண்டும். கீபோட் பழகுபவருக்கும் இதே நிலைதான். விலை குறைந்த மிடி கீபோட்டை வாங்கி வந்தால் அதிலிருந்து தானாக ஒலி வராது. எந்தக் கட்டை எவ்வளவு பலத்தோடு அழுத்தப்பட்டது என்ற தகவலை மட்டுமே அது அனுப்பும்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு மடிக்கணினி இருந்தால், அது சில வருடங்கள் பழையதாக இருந்தாலும், இந்த இடைவெளியின் பெரும்பகுதியை நிரப்பும். அதற்குப் பெரிய ஒலிப்பதிவு மென்பொருள் தேவையில்லை.

பிளகின் என்பது என்ன?

அம்ப், பெடல், பியானோ போன்ற கருவிகளின் வேலையைச் செய்யும் சிறு மென்பொருளே பிளகின். அனேகமான பிளகின்கள் தனியாக இயங்காது. அவற்றை ஏற்றி இயக்க ‘ஹோஸ்ட்’ எனப்படும் இன்னொரு மென்பொருள் வேண்டும். இவை இரண்டும் ஒன்றோடொன்று பேசுவதற்கு ஜெர்மனியின் ஸ்டைன்பேர்க் நிறுவனம் 1996இல் அறிமுகப்படுத்திய முறைதான் வி.எஸ்.ரி. விண்டோஸ் கணினிகளுக்கான இலவசப் பிளகின்களில் பெரும்பாலானவை இந்த முறையிலேயே கிடைக்கின்றன.

இலகுவான ஹோஸ்ட்கள்

ஒரே ஒரு பிளகினை வைத்துப் பயிற்சி செய்ய ‘சவிஹோஸ்ட்’ போதும். இது மிகச் சிறிய ஒற்றைக் கோப்பு. அதைப் பிளகின் இருக்கும் கோப்புறையில் போட்டு, பிளகினின் பெயரையே அதற்கும் வைத்தால், சொடுக்கியதும் அந்தப் பிளகின் தனி மென்பொருள் போலத் திறக்கும்.

பதிவு செய்யவும், பாட்டோடு சேர்ந்து வாசிக்கவும் விரும்புபவர்களுக்கு ‘ரீப்பர்’ பொருத்தமானது. ‘வினாம்ப்’ மென்பொருளை உருவாக்கிய ஜஸ்டின் பிராங்கலின் தயாரிப்பு இது. ஏனைய ஒலிப்பதிவு மென்பொருள்களோடு ஒப்பிட்டால் தரவிறக்கும் அளவு மிகச் சிறியது. 60 நாட்கள் பரீட்சித்துப் பார்க்கலாம். அதன்பின் தனிநபர் உரிமத்தின் விலை 60 டொலர். சுருதி சேர்க்கும் கருவியும் மெட்ரோனோமும் உள்ளேயே இருக்கின்றன. ஒரு பாடலை ஏற்றி, சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் 70 சதவீதத்துக்குக் குறைத்து வாசித்துப் பழகும் வசதியும் உண்டு.

‘எல்.எம்.எம்.எஸ்.’ முழுக்க இலவசம், கீபோட் பழகுபவருக்கு உதவும். ஆனால் பரவலாகப் பாவனையிலுள்ள அதன் 1.2 பதிப்பில் வெளியிலிருந்து வரும் ஒலியை உள்வாங்கும் வசதி இல்லை. ஆகவே கிற்றாருக்கு அது உதவாது.

கவனிக்க வேண்டிய ஒன்று: 32 பிட் பிளகினை 64 பிட் ஹோஸ்ட் எல்லாச் சந்தர்ப்பத்திலும் ஏற்காது. பிளகின் பட்டியலில் தென்படாவிட்டால் முதலில் இதைச் சரிபார்க்கவும்.

தாமதம்தான் முதல் எதிரி

தந்தியை மீட்டியதற்கும் ஒலி காதில் விழுவதற்கும் இடையிலான நேரமே தாமதம். விண்டோஸின் வழமையான ஒலி இயக்கியில் இது வாசிப்பவர் உணரும் அளவுக்கு அதிகமாக இருக்கும். இதை அலட்சியம் செய்தால் பாதிப்பு பயிற்சிக்குத்தான். ஒலி பிந்தி வருவதால், கை தன்னை அறியாமலே முந்தி வாசிக்கப் பழகிவிடும். பிறகு மேடையிலோ தேவாலயப் பாடகர் குழுவிலோ மற்றவர்களோடு சேரும்போது தாளம் பிசகும்.

இதற்கான தீர்வு ‘அசியோ’ வகை இயக்கி. தனி ஒலி இடைமுகக் கருவி இல்லாதவர்கள் ‘அசியோ4ஓல்’ என்ற இலவச இயக்கியை நிறுவலாம். அதில் ‘பஃபர்’ அளவை மாற்ற முடியும். 44,100 மாதிரி வீதத்தில் 256 என்ற பஃபர் ஏறத்தாழ 5.8 மில்லிசெக்கன். 512 என்றால் 11.6, 1024 என்றால் 23.2. கிற்றார் ஒலி உள்ளே வரும்போது ஒருமுறை, வெளியே போகும்போது ஒருமுறை என இது இரட்டிக்கும். ஒலி காற்றில் ஒரு மீற்றர் கடக்க ஏறத்தாழ 3 மில்லிசெக்கன் ஆகும். எனவே 256இல் வாசிப்பது அம்பிலிருந்து நான்கு மீற்றர் தள்ளி நின்று வாசிப்பது போன்றது. அது பிரச்சினை இல்லை.

பஃபரை மிகக் குறைத்தால் பழைய கணினி திணறி, ஒலி வெடித்து வெடித்து வரும். 512இல் தொடங்கி, வெடிப்பு வரும்வரை குறைத்து, ஒருபடி மேலே நிறுத்துங்கள். உலாவியை மூடிவிடுங்கள். புளூடூத் ஹெட்போன் தன் பங்குக்குப் பெருந்தாமதத்தைச் சேர்க்கும். வயர் உள்ள ஹெட்போனையே பாவியுங்கள்.

கிற்றாருக்கு

மடிக்கணினியின் மைக் துளையில் கிற்றாரை நேரடியாகச் செருகலாம், ஆனால் அது கிற்றாருக்காக அமைக்கப்பட்டதல்ல. ஒலி மங்கி, இரைச்சலோடு வரும். ‘ஹை-இசட்’ உள்ளீடு கொண்ட யூ.எஸ்.பி. ஒலி இடைமுகம் இருந்தால் இரைச்சலும் தாமதமும் ஒன்றாகக் குறையும்.

அம்ப் பிளகினை மட்டும் போட்டால் ஒலி தேனீக் கூட்டம் போல இரையும். உண்மையான அம்பில் ஒலிபெருக்கிப் பெட்டி அந்த இரைச்சலை வடிகட்டுகிறது. ஆகவே பெட்டியின் ஒலித்தன்மையைத் தரும் ‘இம்பல்ஸ்’ கோப்பையும் சேர்க்க வேண்டும். இப்போது பிரபலமான ‘நியூரல் அம்ப் மொடலர்’ இலவசம், திறந்த மூலம். ஆனால் கணினிக்குச் சுமை கூட. பழைய கணினியில் அதன் ‘ஃபெதர்’, ‘நனோ’ போன்ற சிறிய மாதிரிகளைத் தேர்ந்தெடுங்கள்.

கீபோட்டுக்கு

பியானோ பிளகின்களில் இரண்டு வகை உண்டு. உண்மையான பியானோவின் ஒலியைப் பதிவுசெய்து வைத்திருப்பது ஒன்று. யமஹா சி5 பியானோவிலிருந்து பதிவான இலவச ‘சலமாண்டர்’ இந்த வகை. இதற்கு வன்தட்டிலும் நினைவகத்திலும் இடம் வேண்டும். மற்றது ஒலியைக் கணக்கிட்டு உருவாக்குவது. ‘பியானோடெக்’ இப்படிப்பட்டது. அளவு சிறிது, ஆனால் விலை கொடுக்க வேண்டும். 1983இல் வந்த யமஹா டி.எக்ஸ்.7 கருவியைப் போல ஒலிக்கும் ‘டெக்ஸ்ட்’ இலவசம், மிக இலகுவானது.

களவுப் பிரதி வேண்டாம்

விலையுயர்ந்த பிளகின்களின் உடைக்கப்பட்ட பிரதிகள் எளிதாகக் கிடைக்கின்றன. அவற்றோடு தீநிரல்களும் வரக்கூடும். படிப்பும் வேலையும் வங்கிக் கணக்கும் அதே கணினியில்தான் என்றால், ஒரு அம்ப் ஒலிக்காக அந்த ஆபத்தை எடுப்பதில் அர்த்தமில்லை. மேலே சொன்ன இலவசப் பிளகின்களே தொடங்குபவருக்குத் தாராளம்.

கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் முதலில் வாங்க வேண்டியது புதிய கணினியோ புதிய பிளகினோ அல்ல. கிற்றார் வாசிப்பவருக்கு ஒரு ஒலி இடைமுகம், கீபோட் வாசிப்பவருக்கு ஒரு சஸ்டெயின் பெடல். அதற்கு முன்னர், ஒரே ஒரு ஒலியைத் தெரிவுசெய்து சேமித்து வையுங்கள். ஒலி தேடியே மாலை முழுவதையும் கழிப்பவர்கள் அதிகம். கணினியைத் திறந்ததும் வாசிக்கத் தொடங்க முடிகிறதா என்பதுதான் முக்கியம்.