அரசுத் தொழிலாளர் வழக்குகளும் அவற்றின் மேற்பார்வையும்: ஆவடி – அம்பத்தூர் வட்டாரம்

அரசே முதலாளியாகவோ தொழிலாளர் சட்டத்தை நிறைவேற்றும் அமைப்பாகவோ நிற்கும் வழக்குகளில் அதன் தரப்பை வகுத்துத் தரும் சட்டப்பணியே இந்த மேற்பார்வை. வழக்கறிஞர்களுக்கு வழிகாட்டுதல், எதிருரைகளைச் சரிபார்த்தல், துறை அலுவலர்களை விசாரணைக்குத் தயார் செய்தல், தோற்றபின் மேல்முறையீடு செய்யலாமா என்று கருத்துரைத்தல் ஆகியவை இதில் அடங்கும். சென்னையின் மேற்குப் புறநகரில் இதன் இரு முகங்களும் தெரிகின்றன. 1961இல் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையும், எஞ்சின் தொழிற்சாலையும், படைத்துறை உடைத் தொழிற்சாலையும் உள்ள ஆவடியில் அரசு முதலாளி. தனியார் பட்டறைகள் நிறைந்த அம்பத்தூரில், வருங்கால வைப்பு நிதி அமைப்பின் மண்டல அலுவலகத்தின் வழியாக அது முதலாளிகளிடம் நிலுவை கேட்கும் தரப்பு. ஒரே அரசு இரு பக்கமும் நிற்பதால், எத்தனை வழக்குகளில் வென்றார் என்று எண்ணி இப்பணியைச் செய்யும் மேற்பார்வையாளரின் திறனை அளக்க முடியாது. எந்த வழக்கை நடத்தாமல் விடவேண்டும் என்று உரிய காலத்தில் சொல்வதே அவருடைய முதன்மைக் கடமை.

இப்பணி எல்லா நாட்டிலும் ஒரேபோல் அமைவதில்லை. அமெரிக்கத் தொழிலாளர் துறையின் சொலிசிட்டர் அலுவலகத்தில் சம்பளம் பெறும் வழக்கறிஞர்களே வழக்கு நடத்துகிறார்கள். மூத்தவர்கள் அவர்களை மேற்பார்க்கிறார்கள். இந்தியாவில் முழுநேரச் சம்பள ஊழியர் வழக்கறிஞர் தொழில் செய்வதை இந்திய பார் கவுன்சில் விதிகள் பொதுவாகத் தடுக்கின்றன. ஆகவே இங்கே பொறுப்பு பிரிந்து கிடக்கிறது. தொழிற்சாலையின் சட்டப்பிரிவு பத்திவாரிக் குறிப்பு எழுதுகிறது. அரசின் பட்டியலில் உள்ள பேனல் வழக்கறிஞர் வாதாடுகிறார். மேல்முறையீடு குறித்து மத்தியச் சட்ட அமைச்சகத்தின் சட்ட விவகாரத் துறை கருத்துச் சொல்கிறது. அத்துறைக்குச் சென்னையில் கிளைச் செயலகம் உண்டு. முடிவின் முழுப் பொறுப்பு எந்த ஒரு மேசையிலும் தங்குவதில்லை. அதனால், நிறுத்தச் சொல்ல ஆளில்லாமலே வழக்கு அடுத்த படிக்கு ஏறிவிடுகிறது.

மன்றங்களும் ஒன்றல்ல. பாதுகாப்புத் துறையின் சிவிலியன் ஊழியர் தம் பணி நிலைமை பற்றிய குறையை, 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோகிறார். 1997இல் எல். சந்திரகுமார் வழக்கில் வந்த தீர்ப்புக்குப் பின், அங்கிருந்து உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வுக்குச் செல்லலாம். தொழில் தகராறாக எழுந்தால் மன்றமே வேறு. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 36ஆம் பிரிவு சமரசப் பேச்சில் வழக்கறிஞருக்கு இடமே தரவில்லை. தொழில் தீர்ப்பாயத்திலும் எதிர்த்தரப்பின் இசைவும் அந்தத் தீர்ப்பாயத்தின் அனுமதியும் வேண்டும் என்றது. ஆகவே அரசுத் தரப்பில் பல நேரம் பேசவேண்டியவர் பணியாளர் பிரிவு அலுவலர்தான். சட்டம் படிக்காத அவரைச் சட்டத்தோடு பேசவைப்பதும் மேற்பார்வையாளரின் வேலையே.

பொறுப்பு பிரிந்து கிடக்கும் இந்த ஏற்பாட்டின் குறையை ஆவடி ஓவர்டைம் வழக்கு தெளிவாகக் காட்டுகிறது. வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் உழைத்தால் இரட்டிப்பு ஊதியம் என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59ஆம் பிரிவு. அந்தக் கணக்கில் அடிப்படை ஊதியமும் தொழிலாளிக்கு உரிய படிகளும் சேர்ந்தன; போனசும் ஓவர்டைம் கூலியும் சேரவில்லை. ஆனால் அமைச்சகக் கடிதங்களைக் காட்டி, வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி போன்றவற்றை நிர்வாகம் கணக்கிலிருந்து விலக்கியது. கனரக வாகனத் தொழிற்சாலை ஊழியர் சங்கம் வழக்குத் தொடுத்தது. மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் அரசின் பக்கம் நின்றது. சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் அதை மாற்றியது. அரசின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2026 ஜனவரியில் தள்ளுபடி செய்தது. சட்டம் விலக்காததை நிர்வாகக் கடிதம் விலக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

இதை முன்கூட்டியே அறிய வழி இருந்ததா? இருந்தது. 1952ஆம் ஆண்டு வருங்கால வைப்பு நிதிச் சட்டம் அடிப்படை ஊதியத்தை வரையறுத்தபோது வீட்டு வாடகைப்படியைப் பெயர் சொல்லி விலக்கியது. 59ஆம் பிரிவில் அப்படி ஒரு சொல்லும் இல்லை. விலக்க விரும்பிய இடத்தில் நாடாளுமன்றம் வெளிப்படையாக விலக்கியிருக்கிறது என்பதை அறிய இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தாலே போதும். அதோடு, எல்லாருக்கும் ஒரேபோல் தரும் படிகளை ஊதியமாகவே கொள்ளவேண்டும் என்று தனியார் முதலாளிகளுக்கு எதிராக வாதாடி, 2019இல் விவேகானந்த வித்யாமந்திர் வழக்கில் வென்றதும் இதே வைப்பு நிதி அமைப்புதான். சட்டங்கள் வேறு என்பது உண்மை. ஆயினும் அம்பத்தூரில் ஊதியத்தை விரித்தும் ஆவடியில் சுருக்கியும் பொருள் சொல்லும் அரசுக்கு, இரண்டு கோப்புகளையும் சேர்த்துப் பார்க்கும் ஒருவர் தேவைப்படுகிறார்.

வழக்கைக் கைவிடச் சொல்லும் இத்தகைய மேற்பார்வைக்கு மறுப்புகள் உண்டு. பொதுப்பணத்தை விட்டுக்கொடுக்க வழக்கறிஞர் யார் என்பது முதலாவது. ஆவடியில் ஒப்புக்கொண்டால் நாடெங்கும் இருந்த 41 படைத்தளவாடத் தொழிற்சாலைகளிலும் அதே கோரிக்கை எழும் என்பதும் இதில் அடங்கும். செலவை முடிவு செய்யும் உரிமை நிர்வாகத்துடையதே. ஆனால் சட்டப்படி தரவேண்டிய கூலி விட்டுக்கொடுக்கும் பணமல்ல, கடன். கடன் பெரியது என்பது அதை மறுக்கக் காரணம் ஆகாது. இரண்டாவது, தீர்ப்பாயமே அரசை ஆதரித்தபோது வழக்காடியது தவறா என்பது. முதல் கட்ட எதிர்ப்பு நியாயமானதே. கேள்வி 2011க்குப் பிந்தையது. நாடு முழுவதற்கும் ஒரே விடை வேண்டியதால் உச்ச நீதிமன்றம் போனோம் என்று சொல்லலாம். ஆனால் 59ஆம் பிரிவுக்கு அமைச்சகங்கள் தமக்குள் ஒரே பொருளை வகுத்திருந்தால் அந்த விடை அவற்றின் கையிலேயே இருந்திருக்கும். மூன்றாவது மறுப்பே வலுவானது: மேல்முறையீட்டைக் கைவிட்டவரைத் தணிக்கை கேள்வி கேட்கும், தோற்கும் வழக்கை இழுத்தவரை யாரும் கேட்பதில்லை. அரசு பொறுப்புள்ள வழக்காளியாக வேண்டும் என்ற 2010ஆம் ஆண்டு தேசிய வழக்குக் கொள்கையும், வழக்கு மேலாண்மை குறித்த 2025 ஏப்ரல் நெறிமுறையும் இந்த அச்சத்தைத் தாமாகப் போக்கிவிடா. கைவிடப் பரிந்துரைக்கும் சட்டக் கருத்துக்கும், அதை மீறி மேலே போகும் முடிவுக்கும் காரணத்தையும் கையொப்பத்தையும் ஒரேபோல் கேட்டால்தான் சமன் கிடைக்கும்.

இத்தகைய மேற்பார்வையின் தேவை இனி கூடும். 2021 அக்டோபர் 1 அன்று படைத்தளவாட வாரியம் ஏழு நிறுவனங்களாகப் பிரிந்தது. கனரக வாகன, எஞ்சின் தொழிற்சாலைகள் ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட ஆர்மர்டு வெகிக்கிள்ஸ் நிகம் லிமிடெட்டுக்கும், உடைத் தொழிற்சாலை ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட்டுக்கும் போயின. தொழிலாளர்களோ மத்திய அரசு ஊழியர்களாகவே அயற்பணியில் வைக்கப்பட்டனர். ஆகவே ஒரு குறைக்குப் பதில் சொல்லவேண்டியது கம்பெனியா பாதுகாப்பு உற்பத்தித் துறையா என்பதே வழக்காகலாம். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு வீட்டு வாடகைப்படியையும் பயணப்படியையும் ஊதியத்திலிருந்து விலக்குகிறது. விலக்குகளின் கூட்டுத்தொகை மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால் மிகுதியை ஊதியத்தோடு சேர்க்கிறது. பழைய நிலுவைக்கு ஒரு கணக்கு, புதிய காலத்துக்கு வேறு கணக்கு. இரண்டையும் அமைச்சகக் கடிதத்திலிருந்து தொடங்காமல் சட்ட வாசகத்திலிருந்து தொடங்கிப் படித்து, கோரிக்கை மனுவாக இருக்கும்போதே கருத்தை எழுதிவைக்கும் மேற்பார்வையாளர் இருந்தால், அடுத்த ஓவர்டைம் கணக்கு நீதிமன்றப் படி ஏறாமல் சம்பளப் பட்டியலிலேயே தீரும்.