காயல்பட்டினத்தின் ஒடுங்கிய நீள வீடுகள்

காயல்பட்டினம் தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூருக்கு வடக்கே கடலோரத்தில் அமைந்த பழைய துறைமுக ஊர். முத்துக்குளித்துறை என்று வரலாற்றில் குறிக்கப்படும் கடற்கரையைச் சேர்ந்தது. இவ்வூரின் பழைய தெருக்களில் உள்ள வீடுகள் முகப்பு குறுகியும் உள்நீளம் மிகுந்தும் இருப்பவை. தெருவில் ஒரு வாசலும், வீடுகளுக்கு இடையே செல்லும் சந்தில் மற்றொரு வாசலும் கொண்டவை. இந்த அமைப்புக்கு மனைப் பற்றாக்குறை மட்டும் காரணமன்று. கடல் வணிகம், மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம், பெண்களின் நடமாட்டம், மணற்பாங்கான நிலம் ஆகிய நான்கும் சேர்ந்தே இந்த வீட்டை உருவாக்கின.

ஊரும் கடலும்

தாமிரபரணி கடலில் கலக்கும் பகுதியில் கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் ஆகிய ஊர்கள் அருகருகே உள்ளன. ஆற்று வண்டல் படிந்து கரை விலக விலகத் துறைமுகமும் இடம் மாறியது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதிக்கு வந்த மார்க்கோ போலோ, காயல் என்னும் துறைமுகத்தில் ஹோர்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளுடன் கப்பல்கள் வந்ததைக் குறிப்பிட்டார். 19-ஆம் நூற்றாண்டில் இப்பகுதியை ஆராய்ந்த பிஷப் கால்டுவெல், அந்தக் காயல் இன்றைய பழையகாயலே என்று கருதினார்.

காயல்பட்டினத்து முஸ்லிம் வணிகர்கள் முத்து, சங்கு, நவரத்தினம் ஆகிய தொழில்களில் ஈடுபட்டனர். இலங்கையும் தென்கிழக்காசியத் துறைமுகங்களும் அவர்களுடைய வணிக இடங்கள். பிற்காலத்தில் ஹாங்காங் வரை சென்றனர். வீட்டு ஆண்கள் மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் வெளியூரில் தங்கினர். ஊரில் நிலையாக இருந்தவர்கள் பெண்களும் முதியோரும் குழந்தைகளும்தான். வீட்டின் அமைப்பைப் புரிந்துகொள்ள இது முதற்குறிப்பு.

மகளுக்கு வீடு

காயல்பட்டினத்தில் திருமணத்திற்குப் பின் மணமகள் கணவன் வீட்டிற்குப் போவதில்லை. மணமகன் மனைவியின் வீட்டிற்கு வருவதே வழக்கம். இராமநாதபுரம் மாவட்டத்தின் கீழக்கரையிலும் இவ்வழக்கம் உண்டு. இலங்கையின் கிழக்குக் கரையில் முஸ்லிம்கள், தமிழர் ஆகிய இரு சாராரிடமும் மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுக்கும் முறை இருக்கிறது. அக்கரைப்பற்றில் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியுள்ளார்.

இஸ்லாமிய வாரிசுச் சட்டத்தின்படி, மகனும் மகளும் உள்ள குடும்பத்தில் மகளின் பங்கு மகனுடைய பங்கில் பாதி. ஆனால் வாழும் காலத்தில் ஒருவர் தம் சொத்தை விரும்பியவருக்குக் கொடையாக அளிக்கலாம். ஹிபா எனப்படும் இக்கொடைக்குக் கொடுப்பவரின் அறிவிப்பு, பெறுபவரின் ஏற்பு, சொத்தை ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் வேண்டும். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 129-ஆம் பிரிவில், இஸ்லாமியச் சட்டப்படியான கொடைக்கு விலக்கு அளித்துள்ளது. எனவே சட்டத்திற்கு முரண்படாமலேயே வீடு மகளின் கைக்குச் செல்ல வழி உண்டு.

ஒரே மகள் என்றால் சிக்கல் இல்லை. மூன்று மகள்கள் என்றால் மூன்று வீடுகள் வேண்டும். பக்கத்து மனை கிடைத்தால் வாங்கலாம். கிடைக்காதபோது இருக்கும் வீட்டைப் பிரிப்பதோ மேலே மாடி எழுப்புவதோதான் வழி. வீட்டைக் குறுக்கே வெட்டினால் பின்பகுதிக்குத் தெரு வாசல் இராது. நெடுக்கே வெட்டினால் ஒவ்வொரு மகளுக்கும் தெருவில் ஒரு வாசலும் பின்னால் ஒரு வாசலும் கிடைக்கும். ஆனால் அகலம் பாதியாகும். 24 அடி அகல மனை ஒரே பிரிவினையில் 12 அடியாகிவிடும். அடுத்த தலைமுறையில் அதை மேலும் பிரிக்க இயலாது.

முடுக்கு

தெருக்களுக்கு இடையே வீடுகளை ஒட்டிச் செல்லும் குறுகிய சந்தை இப்பகுதியில் முடுக்கு என்பர். காயல்பட்டினத்தில் முடுக்கு பெண்களின் பாதை. முன்தெருவில் ஆண்கள் நடமாட, பெண்கள் முடுக்கு வழியே உறவினர் வீட்டிற்கும் பெண்கள் தைக்காவிற்கும் சென்று வந்தனர். இதனால் வீட்டிற்கு இரண்டு முகங்கள் ஏற்பட்டன. தெரு முகம் விருந்தினருக்கும் வணிகத்திற்கும் உரியது. முடுக்கு முகம் சமையல், தண்ணீர், அக்கம்பக்கத்து உறவு ஆகியவற்றுக்கு உரியது.

அக்காளும் தங்கையும் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் ஊரில் முடுக்கு வெறும் சந்து அன்று. ஒரு வீட்டில் பிள்ளைப்பேறு என்றாலும் நோய் என்றாலும் அடுத்த வீட்டுப் பெண்கள் தெருவில் இறங்காமலேயே உடனே வந்து சேரலாம். ஆண்கள் கடல் கடந்து இருந்த காலத்தில் இந்த ஏற்பாடு எவ்வளவு உதவியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

தரைத்தளத்தின் கணக்கு

ஒடுங்கிய மனையில் அறைகளை அமைப்பது ஒரு கணக்கு. எடுத்துக்காட்டாக 12 அடி அகலமும் 60 அடி நீளமும் உள்ள மனையைக் கொள்வோம். இரு பக்கச் சுவர்களும் 9 அங்குலம் என்றால் உள் அகலம் பத்தரை அடி. முன்னிருந்து பின்வரை 3 அடி நடைவழி விட்டு, நாலரை அங்குலக் குறுக்குச் சுவர் எழுப்பினால் அறைக்கு மிஞ்சுவது சுமார் 7 அடி. கட்டில் போட்டால் நடக்க இடம் குறைவு.

ஆகவே பழைய வீடுகளில் தனி நடைவழியைத் தவிர்த்து, கூடத்தையே வழியாகப் பயன்படுத்தினர். முன்னால் திண்ணையும் வரவேற்பு அறையும், அடுத்துக் கூடம், அதன் பின் வானம் பார்த்த முற்றம், முற்றத்தை ஒட்டி அறைகள், கடைசியில் அடுக்களையும் கிணறும் புழக்கடையும் என்பது பொதுவான வரிசை. ஒரு பகுதியைக் கடந்தே அடுத்த பகுதிக்குச் செல்ல வேண்டும். வெளியாள் முதல் கட்டோடு நின்றுவிடுவார். உறவினர் கூடம் வரை வருவார். முற்றத்திற்குப் பின்னால் பெண்களின் இடம்.

பக்கச் சுவர்கள் அண்டை வீட்டோடு ஒட்டியிருப்பதால் அவற்றில் சன்னல் வைக்க இயலாது. வெளிச்சமும் காற்றும் முன்வாசல், பின்வாசல், முற்றம் ஆகிய மூன்றின் வழியாகவே வரவேண்டும். பிற்பகலில் கடலிலிருந்து வீசும் காற்று ஒரு வாசல் வழியாக நுழைந்து மறு வாசல் வழியாக வெளியேற, வாசல்கள் நேர்கோட்டில் இருப்பது நல்லது. முற்றத்தின் சூடான காற்று மேலெழும்போது, கீழிருந்து குளிர்ந்த காற்று உள்ளே இழுக்கப்படும். முற்றத்திற்குக் கூரை போட்டு ஓர் அறையாக்கினால் 60 சதுர அடி கூடுதலாகக் கிடைக்கலாம். ஆனால் வீட்டின் நடுப்பகுதி பகலிலும் விளக்கு எரிய வேண்டிய இடமாகிவிடும்.

நிலவறை இல்லாத காரணம்

குளிர்நாடுகளில் இடம் போதாதபோது நிலத்தைத் தோண்டி நிலவறை அமைப்பது உண்டு. முத்துக்குளித்துறையில் அது பொருந்தாது. நிலம் மணல், நிலத்தடி நீர் மேலாகவே நிற்கிறது, கடலை ஒட்டிய இடங்களில் அது உப்பு கலந்தது. தோண்டிக் கட்டிய அறையில் ஈரம் ஏறும். கம்பி போட்ட கான்கிரீட் என்றால் உப்பு உள்ளே புகுந்து கம்பி துருப்பிடித்துப் பெருத்து, கான்கிரீட்டைப் பிளக்கும்.

எனவே பொருள்களைச் சேமிக்க இவ்வூர் வீடு கீழே போகாமல் மேலே சென்றது. சுவரில் மாடங்கள், கூரையடியில் பரண், அதற்கும் மேலே மெத்தை எனப்படும் மாடி என்று இடம் தேடப்பட்டது. அடித்தளம் தெருமட்டத்திலிருந்து சில படிகள் உயர்த்தப்பட்டது. இக்கடற்கரையில் சுண்ணாம்புக்குச் சிப்பியும் பவளக்கல்லும் பயன்பட்டன. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தது தீவுகளின் அரிப்புக்குக் காரணமாயிற்று. 1986-இல் அங்கே கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன.

மாடிப்படி எங்கே?

ஒடுங்கிய வீட்டில் மிகுந்த இடத்தை எடுத்துக்கொள்வது மாடிப்படி. தளத்தின் உயரம் பத்தரை அடி, ஒரு படியின் உயரம் 7 அங்குலம் என்றால் 18 ஏற்றங்கள் வேண்டும். ஒவ்வொரு மிதிபடியும் 10 அங்குலம் என்றால் நேர் படிக்கட்டு 14 அடிக்கு மேல் நீளும். இதைப் பக்கச் சுவரை ஒட்டி நெடுக்காக வைப்பதே 12 அடி வீட்டுக்கு ஏற்றது.

ஆனால் படி தொடங்கும் இடம் கட்டடக் கணக்கோடு முடியும் செய்தியன்று. முன்வாசல் அருகே தொடங்கினால் மாடி தனி வீடாகும். இளைய மகள் தன் கணவனோடும் குழந்தைகளோடும் தன் விருப்பப்படி வாழலாம். கூடத்தின் நடுவே தொடங்கினால் மாடியில் இருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் மூத்தவளின் வீட்டைக் கடந்தே செல்ல வேண்டும். மாடியிலிருப்பவருக்கும் முடுக்கு வாசல் வேண்டுமென்றால் பின்பக்கம் இன்னொரு படி தேவை. கொடையாகக் கொடுத்த சொத்தை ஒப்படைத்தல் என்னும் நிபந்தனையும் தனி வழி இருந்தால் எளிதில் விளங்கும். சகோதரிகளுக்கு இடையே பிற்காலத்தில் மனத்தாங்கல் வராமலிருக்கப் பெற்றோர் முதலில் சிந்திக்க வேண்டிய இடம் மாடிப்படி.

பிற நாடுகளில்

ஒடுங்கிய நீள வீடு உலகின் பல வணிக நகரங்களில் உண்டு. வியட்நாமின் ஹனோயில் இதைக் குழாய் வீடு என்ற பொருள்படும் பெயரால் அழைப்பர். அகமதாபாத்தின் போள் வீடுகளில் நடுமுற்றமும் அதன் அடியில் மழைநீர்த் தொட்டியும் உண்டு. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் குடியேறிய பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கடையும் வீடும் சேர்ந்த நீளக் கட்டடங்கள் உள்ளன. சிங்கப்பூரில் 1822-இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டம், ஒவ்வொரு வீட்டின் முன்னும் தொடர்ச்சியான நடைமாடம் விட வேண்டும் என்றது. அங்கே பொதுவழி முகப்பில் அமைந்தது. காயல்பட்டினத்தில் பெண்களுக்கான பொதுவழி வீட்டுப் பின்புறங்களை இணைத்தது.

2023 மழை

தூத்துக்குடி மாவட்டம் மழை குறைந்த பகுதி. ஆனால் 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. மாவட்டத்தில் ஓராண்டில் சராசரியாகப் பெய்யும் மழையைவிட இது அதிகம். தெருக்களும் வீடுகளும் நீரில் மூழ்கின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றுபோனது.

அந்த வெள்ளம் வீட்டமைப்புக்குச் சில பாடங்களைத் தந்தது. தரைத்தளம் மட்டுமே உள்ள வீட்டில் முதியோரையும் குழந்தைகளையும் ஏற்றி வைக்க இடமில்லை. பழைய வீடுகளின் உயர்ந்த அடித்தளம், சாலையின் மேல் சாலை போட்டதால் பல ஊர்களில் பயனற்றுப் போனது. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு அரசு அறிவுறுத்தியதற்கு இதுவே காரணம். மின் பலகை, அரிசி, ஆவணங்கள் ஆகியவற்றை மேல்தளத்திலோ பரணிலோ வைப்பதும், கிணற்றையும் மழைநீர்ச் சேமிப்புக் குழியையும் மூடாமல் காப்பதும் இன்றைய தேவை.

இன்றைய நிலை

இப்போது ஊரின் புறப்பகுதிகளில் அகலமான மனைகளில் புதிய வீடுகள் எழுகின்றன. தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் மனையின் அளவுக்கும் பகுதிக்கும் ஏற்ப இடைவெளி விடச் சொல்கின்றன. பழைய வீட்டை இடித்துக் கட்டுபவர்கள் முற்றத்தை மூடுவதும், முடுக்கு வாசலை அடைத்துக் குளியலறை அமைப்பதும் எளிதாக நடக்கக்கூடியவை. அப்படிச் செய்யும்போது சில சதுர அடிகள் கிடைக்கும். போவது காற்றும், அக்காள் வீட்டிற்குச் செல்லும் வழியும். புதிதாக வரைபடம் போடுவோர் முற்றம், இரு வாசல்கள், தனிப் படிக்கட்டு, உயர்ந்த அடித்தளம் ஆகிய நான்கையும் முதலில் குறித்துக்கொண்டு, பின்னர் அறைகளைப் பிரிப்பது பொருத்தமாக இருக்கும்.