மார்கழிப் பனியும் ஓசூர் ரோஜாவும்

மார்கழி பிறந்தால் பூக்கட்டும் நம் உறுப்பினர்களுக்குக் கை ஓய்ந்துவிடும். மல்லிகை வெயிலுக்குப் பூக்கிற செடி. பனி விழுந்தால் மொட்டு குறையும், மதுரைச் சந்தையில் கிலோ ஆயிரக்கணக்கில் போகும். "பசுமைக்குடில் போட்டு நாமளும் குளிர்காலத்துல பூ எடுத்தா என்ன?" என்று குழுக் கூட்டங்களில் கேட்கிறோம். கடன் மனு எழுதுமுன் அந்தக் குடிலின் கதையைக் கொஞ்சம் தெரிஞ்சுக்கலாம்.

முதலில் இது குளிர்நாட்டுக்காரர்களின் ஏற்பாடு. ஹாலந்தில் கண்ணாடி வீடு கட்டி, உள்ளே குழாயில் வெந்நீர் ஓடவிட்டுப் பனிக்காலத்திலும் பூ எடுத்தார்கள். வெந்நீர் காய்ச்ச நிலக்கரி, பிறகு எண்ணெய், எரிவாயு. 1973-ல் ஆரம்பித்துச் சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறக்குறைய நாலு மடங்கானது. அடுப்புச் செலவே பூ விலையைத் தின்றது. வெயில் சும்மா கிடைக்கிற ஊர்களுக்குப் பூ விவசாயம் நகர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கொலம்பியா, கென்யா என்று போனது, 1990-களில் நம்ம ஓசூருக்கும் வந்தது. பின்னாளில் டிட்கோ பங்குதாரராகச் சேர்ந்து அமைத்த டான்ஃப்ளோரா பூங்கா அங்கே அமுதகொண்டபள்ளியில் இருக்கிறது.

ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். பகலில் இதமான வெயில், மார்கழி ராத்திரியில் நல்ல குளிர். ரோஜாவுக்கு ராத்திரி 15 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. அங்கே அடுப்பு எரிப்பதில்லை. குடிலின் பக்கத் திரைகளைச் சாயங்காலம் வெயில் இறங்குமுன்னே இறக்கி, பகல் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கிறார்கள். காலையில் வெயில் ஏறியதும் திறந்துவிட வேண்டும். சோம்பல் பட்டு மூடியே விட்டால் ஈரம் தங்கி, இலையிலும் மொட்டிலும் பூஞ்சை பிடிக்கும். சோற்றுப் பானையை மூடி வேர்க்க விட்ட மாதிரிதான்.

இதில் காசு தேதியில் இருக்கிறது. பிப்ரவரி 14 காதலர் தினத்துக்குத்தான் வெளிநாட்டில் சிவப்பு ரோஜாவுக்கு விலை. 'தாஜ்மஹால்' ரகம் ஓசூரிலிருந்து அப்படித்தான் போகிறது. வெட்டிவிட்ட கிளை மறுபடி பூக்கக் கிட்டத்தட்ட ஏழு வாரம் ஆகும். அதனால் மார்கழி தொடக்கத்திலேயே வெட்டிவிடுகிறார்கள். குளிர் கூடினால் பூ பிந்தும். சூடு கூடினால் முந்தி விரிந்து, மொட்டும் சிறுத்துப்போகும். தேதி தப்பிய பூவை உள்ளூர்ச் சந்தையில் வந்த விலைக்குத்தான் தள்ள வேண்டும். அறுவடை, தரம் பிரிப்பு, இருபது இருபதாகக் கட்டுவது என்று அங்கே நிறைய வேலையைப் பார்ப்பது பெண்கள்தான்.

நம் சிவகாசிக்கு வருவோம். 1920-களில் தீப்பெட்டித் தொழில் இங்கே வேர்விட்டதே காய்ந்த வெயிலை நம்பித்தான். நமக்குக் குளிர் பிரச்சினை இல்லை, சூடுதான் பிரச்சினை. சித்திரையில் பிளாஸ்டிக் குடிலுக்குள் ரோஜா வெந்துபோகும். விசிறியும் ஈரத்திரையும் வைத்துக் குளிர்விக்கலாம், ஆனால் கரண்ட் பில்லும் தண்ணீரும் யார் கொடுப்பது? என்னைக் கேட்டால், பெரிய குடிலுக்குக் கடன் வேண்டாம். நிழல்வலை போட்டு மல்லிகை, அரளி நாற்று வளர்த்து விற்பதற்கு முதலில் கணக்குப் போடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வலை விலை, கம்பி விலை இரண்டையும் விசாரித்து எழுதிக்கொண்டு வாருங்கள்.