கோடை நண்பகலும் அடுப்பும்: அர்த்தசாஸ்திரத்தில் வீட்டுத் தீக்காப்பு

2016 ஏப்ரல் இறுதியில் பீகார் அரசு தன் ஊர்ப்புறங்களுக்கு ஓர் அறிவிப்பு விடுத்தது. காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரை அடுப்பு மூட்டலாகாது. வேள்வித் தீயும் வளர்க்கலாகாது. உலர்ந்த மேல்காற்று வீசும் அப்பருவத்தில் ஓர் அடுப்பின் பொறி ஒரு குடிசை வரிசையையே சாம்பலாக்கிவிடும். செய்தி நாடெங்கும் வியப்போடு பேசப்பட்டது. ஆயினும் அவ்விதி புதிதன்று.

தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் மைசூர் நூலகத்துக்கு அளித்த ஓலைச்சுவடியைக் கொண்டு ஆர். ஷாமசாஸ்திரி 1909இல் பதிப்பித்த நூல், கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம். அதன் இரண்டாம் அதிகரணத்து 36ஆம் அத்தியாயம் ‘நாகரிகன்’ என்னும் நகர அதிகாரியின் கடமைகளைக் கூறுகிறது. (இன்று பண்பாட்டைக் குறிக்கும் சொல்லின் உறவுச்சொல் அங்கே வெறும் பதவிப்பெயர்.) கோடையில் பகலை நான்காகப் பகுத்து, நடு இரண்டு பகுதிகளில் தீ மூட்டினால் அரைக்கால் பணம் தண்டம் என்கிறது அந்நூல். இன்றைய கணக்கில் அது ஏறத்தாழ 9 மணி முதல் 3 மணி வரை. அல்லது, வீட்டுக்கு வெளியே சமைத்துக்கொள்ளலாம்.

அடுத்து வருவதே ஆய்வாளர் கருதத்தக்கது. ஒவ்வொரு வீட்டிலும் இருக்கவேண்டிய பொருள்களை நூல் பெயர்சொல்லி அடுக்குகிறது: ஐந்து நீர்க்குடங்கள், ஒரு பெரிய சால், தொட்டி, ஏணி, கோடரி, முறம், கொக்கி, ‘கசக்ரஹணி’, தோற்பை. இவை இல்லையேல் கால் பணம் தண்டம். குடமும் சாலும் தொட்டியும் தோற்பையும் நீருக்கானவை. முறம் புகையை விலக்குதற்கு எனக் கொள்வது பொருந்தும். எஞ்சிய நான்கும் தீயை அணைப்பன அல்ல, வீட்டைப் பிரிப்பன. கசக்ரஹணி என்பதன் நேர்ப்பொருள் ‘மயிர் பற்றி’. இங்கே மயிர் என்பது கூரை வேய்ந்த புல். ஏணியில் ஏறி, கோடரியால் கழியை வெட்டி, கொக்கியாலும் பற்றியாலும் கூரையை இழுத்துத் தள்ளிவிட்டால் தீ அடுத்த வீட்டுக்குத் தாவாது. ஐந்து குடம் நீர் எரியும் கூரையை அணைக்காது என்பதை அறிந்தவர் வகுத்த பட்டியல் இது.

இதன் பின்னணியில் மரநகரங்கள் உள்ளன. ஆற்றங்கரை நகரங்கள் மரத்தால் ஆனவை என்று மெகஸ்தனிஸை ஒட்டி அர்ரியன் எழுதினார். பாடலிபுத்திரத்துக்கு நேரக்கூடிய மூன்று கேடுகளை மகாபரிநிப்பான சுத்தத்தில் புத்தர் உரைக்கையில், தீயே முதலில் வருகிறது. வெள்ளமும் உட்பகையும் பின்னரே. அர்த்தசாஸ்திரத்தின் இன்றைய வடிவம் மௌரியருக்குப் பிற்பட்டது என்போர் பலர். எனினும் நாணலும் மரமும் கொண்ட தெருக்கள் மௌரியரோடு மறைந்துவிடவில்லை.

தண்டங்களின் அளவைக் கூர்ந்து நோக்கவேண்டும். கருவிகள் இல்லாத வீட்டுக்குக் கால் பணம். தீப்பற்றிய வீட்டை நோக்கி ஓடிவராத வீட்டுக்காரனுக்கோ 12 பணம், அதாவது 48 மடங்கு. வாடகைக்குக் குடியிருப்பவனுக்கு 6 பணம். கவனக்குறைவால் தீ மூண்டால் 54 பணம். தீ வைத்தவனுக்குத் தீயாலேயே மரணம். தெருக்களிலும் நாற்சந்திகளிலும் ஆயிரக்கணக்கில் நீர்க்கலங்களை நிறுத்தும்படியும், இரவில் வீட்டுத்தலைவர் தத்தம் வாயிலருகே தங்கும்படியும் நூல் பணிக்கிறது. தீயணைப்புக்கெனத் தனிப்படை எதுவும் இவ்விதிகளில் இல்லை. அண்டை வீட்டாரே அப்படை. கருவியின்மையைச் சிறு பிழையாகவும், வாராமையைப் பெருங்குற்றமாகவும் நூல் எடைபோட்டதன் காரணம் இதுவே எனலாம்.

நான்காம் அதிகரணம் ஊர்களுக்கும் அதே ஆணையை விரிக்கிறது: கோடையில் வெளியே சமைக்க. தண்டத்துக்கு உரியவனாக வீட்டுக்காரன் குறிக்கப்படுகிறான், குடியிருப்பவன் குறிக்கப்படுகிறான். கங்கைக் கரையின் சித்திரை வெயிலில், கூரை நிழலும் இன்றி அவ்வுணவை ஆக்கியவர் யார் என்பதைப் பற்றி மட்டும் நூலில் ஒரு சொல்லும் இல்லை.