மூன்று நெம்புகோல்களின் காலம்: பழைய கார்களின் கிளட்சும் அதைப் பழுதுபார்த்த பட்டறைகளும்

ஓடுகிற எஞ்சினை நிறுத்தாமலே வண்டியை நிறுத்தவும், நின்ற வண்டிக்கு எஞ்சினின் விசையைச் சிறுகச் சிறுகக் கொடுக்கவும் இரண்டுக்கும் நடுவே கிளட்ச் என்னும் ஓர் இணைப்பு தேவை என்று மோட்டார் கார்களின் முதல் தலைமுறைப் பொறியாளர்கள் கண்டபோது, அதற்கு அவர்கள் பயன்படுத்திய பொருள் பெரும்பாலும் மாட்டுத் தோலாகவே இருந்தது. எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரமான ஃபிளைவீலின் உட்புறத்தைக் கூம்பு வடிவில் குடைந்து, தோல் போர்த்திய இன்னொரு கூம்பை ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் அதற்குள் பொருந்தவைத்தார்கள். காலால் மிதித்தால் கூம்பு விலகும், விட்டால் கவ்வும். தோல் காய்ந்துபோனால் கிளட்ச் வெடுக்கென்று பிடித்து வண்டியை உலுக்கியதால் அதற்கு விளக்கெண்ணெய் போன்றவற்றைத் தடவினார்கள். எண்ணெய் மிகுந்தாலோ கூம்பு வழுக்கியதால் எண்ணெயை உறிஞ்சும் களிமண் தூளைத் தூவினார்கள். வழுக்குவது, வெடுக்கென்று பிடிப்பது, விடுபட மறுப்பது என்னும் மூன்று குறைகளுக்குள் கிளட்சின் நோய்கள் ஏறக்குறைய எல்லாம் அடங்கிவிடும் என்பது அந்தத் தோல் காலத்திலேயே தெளிவாகிவிட்டது. பிற்காலத்தில் மாறியதெல்லாம் உரசும் பொருளும், பழுதைப் பட்டறைக்காரர் தம் கையாலேயே திருத்த முடிந்த அளவும்தான்.

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் 1897இல் தொழில் தொடங்கிய ஹெர்பர்ட் ஃப்ரூட், முதலில் குதிரை வண்டிகளின் பிரேக் கட்டைகளுக்கு உரசுபொருள் செய்து விற்றவர். தோலும் பருத்தியும் சூட்டில் கருகுவதைக் கண்டு, நெருப்பில் எரியாத கனிம நாராகிய கல்நாரை, அதாவது ஆஸ்பெஸ்டாஸைப் பிசினோடு சேர்த்து உருவாக்கிய லைனிங்கை 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே அவருடைய ஃபெரோடோ நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. சூடு தாங்கும் லைனிங் கிடைத்த பிறகு கூம்பு மெல்ல மறைந்து, அமெரிக்காவின் போர்க் அண்டு பெக் நிறுவனத்தின் பெயரோடு உலகெங்கும் அறியப்பட்ட ஒற்றைத் தட்டுக் கிளட்ச் அதன் இடத்தைப் பிடித்தது. இருபுறமும் லைனிங் ஒட்டிய ஒரு தட்டை ஃபிளைவீலுக்கும் பிரஷர் பிளேட் என்னும் அழுத்துதட்டுக்கும் நடுவே சுருள் ஸ்பிரிங்குகள் நெருக்கிப் பிடிக்க, மிதிக்கும்போது மூன்று நெம்புகோல்கள் அழுத்துதட்டைப் பின்னுக்கு இழுத்து அந்தப் பிடியை விடுவிக்கும்.

இந்தியச் சாலைகளில் பல பத்தாண்டுகள் ஓடிய கார்களின் கிளட்ச் இந்த வகையைச் சேர்ந்ததே. இங்கேயே கார்களை உற்பத்தி செய்யும் திட்டமில்லாத நிறுவனங்கள் வெளியேற வேண்டும் என்று 1953இல் மத்திய அரசு முடிவெடுத்ததால் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் போய்விட, உத்தரபாராவின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும் பம்பாயின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸும் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனமுமே காருக்குக் கதி என்றாயின. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பிறந்த அம்பாசிடர், ஃபியட் 1100இலிருந்து பிறந்த பத்மினி, 1961 முதல் சென்னைக்கருகே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவற்றை வாங்கப் பதிவுசெய்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலத்தில், கைக்கு வந்த காரை இருபது முப்பது ஆண்டுகள் ஓட்டுவது சிக்கனத்தைவிடக் கட்டாயமாகவே இருந்தது. கிளட்ச் பழுதுபார்த்தல் ஒரு கைத்தொழிலாக வளர்ந்தது இந்தக் கட்டாயத்தால்தான் என்று கொள்ளலாம்.

கியர்பாக்ஸைக் கழற்றாமல் கிளட்சைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதால், கழற்றுவதற்கு முன்னரே நோயை அறிவதில்தான் பட்டறையின் திறமை தெரிந்தது. வழுக்கலைக் கண்டறியக் கை பிரேக்கை இறுக இழுத்து, டாப் கியரில் போட்டு, எஞ்சினைச் சற்றே வேகப்படுத்திக் கிளட்சை விட்டார்கள். எஞ்சின் திணறி நின்றால் கிளட்சில் குறையில்லை, உறுமிக்கொண்டே ஓடினால் தட்டு வழுக்குகிறது. கிளட்ச் விடுபடவில்லையா என்பதை அறிய, முழுவதும் மிதித்துச் சில நொடிகள் பொறுத்து ரிவர்ஸ் கியரைப் போட்டார்கள். சுழற்சிகளைச் சமப்படுத்தும் அமைப்பு அந்தக் கியருக்கு இல்லாததால், தட்டு கொஞ்சம் சுழன்றுகொண்டிருந்தாலும் பற்கள் கரகரத்துக் காட்டிக்கொடுக்கும். அம்பாசிடரில் இதற்கும் ஒரு விலக்கு உண்டு. அதன் கியர் தண்டு ஸ்டியரிங் கம்பத்தில் இருந்ததால், தண்டையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கம்பிகளின் புஷ்கள் தேய்ந்தாலும் கியர் விழ மறுக்கும். எஞ்சினை நிறுத்திய பிறகும் கியர் அதே முரட்டுத்தனத்தோடு விழுந்தால் குற்றம் கம்பிகளுடையது என்று பிரித்தறியத் தெரியாதவர்கள், நல்ல கிளட்சைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டியதும் உண்டு.

ஒலியைக் கேட்டும் நோய் அறிந்தார்கள். பெடலை லேசாகத் தொட்ட மாத்திரத்தில் கிரீச்சிட்டால், மிதிக்கும்போது நெம்புகோல்களை அழுத்தும் ரிலீஸ் பேரிங். மிதித்தால் மறைந்து விட்டால் திரும்பும் இரைச்சல் கியர்பாக்ஸின் முன் பேரிங். அம்பாசிடரில் இருந்த ரிலீஸ் பேரிங், குண்டுகள் உருளும் பேரிங் அன்று. இரும்புக் கிண்ணத்தில் பதித்த கார்பன் வளையம். பெடலின் மேற்பகுதியில் ஏறக்குறைய ஓர் அங்குலம் வெற்று அசைவு, பட்டறை வழக்கில் 'ப்ளே', இருந்தாக வேண்டும் என்று மெக்கானிக்குகள் வலியுறுத்தியதும், பெடல் மேல் காலை வைத்தபடியே ஓட்டும் டிரைவர்களைக் கடிந்துகொண்டதும் இந்த வளையம் வீணாகத் தேய்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

வழுக்கல் உறுதியானபோது பலர் செய்த தவறு, தட்டை மட்டும் மாற்றியதாகும். அம்பாசிடரில் நெடுங்காலம் இருந்த பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பி.எம்.சி.) எஞ்சினில், கிராங்க் தண்டின் பின்முனையில் எண்ணெயைத் தடுக்க ரப்பர் சீல் இல்லை. தண்டில் வெட்டிய திருகுபோன்ற பள்ளம், சுழலும்போது எண்ணெயை உள்ளே திருப்பித் தள்ளுவதே அங்கிருந்த ஏற்பாடு. எஞ்சினின் மூச்சுக்குழாய் அடைத்து உள்ளழுத்தம் கூடினாலோ, முக்கியப் பேரிங்குகள் தேய்ந்தாலோ எண்ணெய் அந்தப் பள்ளத்தை மீறிக் கிளட்சின் மேல் தெறிக்கும். எண்ணெய் கசிந்த மூலத்தை அடைக்காமல் போட்ட புதுத் தட்டு சில மாதங்களில் வழுக்கியபோது பழி தட்டைச் செய்தவர் மேல் விழுந்தது; பெரும்பாலும் அது நியாயமற்ற பழி.

தேய்ந்த தட்டுகளுக்குப் பழைய லைனிங்கை உடைத்தெடுத்துப் புதியதை ரிவிட் அடித்துத் தருவது தனித் தொழிலாகவே நடந்தது. ரிவிட்டின் தலை லைனிங்கின் மேற்பரப்புக்குக் கீழே ஆழமாகப் பதிந்திருக்க வேண்டும். லைனிங் அதுவரை தேய்ந்து ரிவிட் வெளியே தலைகாட்டினால் ஃபிளைவீலில் வளையவளையமாகக் கீறல் விழும், பிறகு அதை லேத்தில் கொடுத்துக் கடைய வேண்டியதாகும். ஆனால் வேலையின் உயிர் பிரஷர் பிளேட்டில் இருந்தது. அதன் மூன்று நெம்புகோல்களும் ஒரே உயரத்தில் நிற்கும்வரை ஒவ்வொன்றின் நட்டையும் சிறிது சிறிதாகத் திருப்பி, இரும்பு அளவுகோலை வைத்து மீண்டும் மீண்டும் அளப்பார்கள். ஒன்று மட்டும் உயர்ந்து நின்றால் அழுத்துதட்டு கோணலாக விலகும். வண்டி புறப்படும்போதெல்லாம் உடல் முழுவதும் அதிரும். தட்டை நடுவில் நிறுத்தவும் விலை கொடுத்து வாங்கிய கருவி இல்லை. கழித்துப்போட்ட கியர்பாக்ஸ் ஒன்றின் முன் தண்டே அதற்குப் போதுமானதாக இருந்தது.

இந்தத் திறமைக்குக் கொடுத்த விலையையும் வரலாறு கணக்கில் கொள்ள வேண்டும். பெல் ஹவுசிங் எனப்படும் கிளட்ச் உறையைத் திறந்தவுடன் உள்ளே படிந்திருந்த கரும்பொடியைக் காற்றுக் குழாயால் ஊதித் தள்ளுவது வழக்கமாக இருந்தது. அந்தப் பொடியில் கல்நார் இருந்தது. மூச்சில் கலந்த கல்நார், நுரையீரலின் உறையில் புற்றுநோயாக வெளிப்படப் பெரும்பாலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகும் என்பதால், காரணத்தையும் நோயையும் இணைத்துப் பார்க்கும் வாய்ப்பு பட்டறைகளில் அரிதாகவே இருந்தது. ஃபெரோடோ பிறந்த பிரிட்டனே, மற்ற வகைகளுக்குப் பின் எஞ்சியிருந்த வெள்ளைக் கல்நாரையும் 1999இல் தடைசெய்தது.

1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800, சுருள் ஸ்பிரிங்குகளையும் மூன்று நெம்புகோல்களையும் ஒருசேர நீக்கிய உதரவிதான ஸ்பிரிங் வகைக் கிளட்சை நடுத்தர வர்க்கத்தின் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. கிண்ணம்போல் குவிந்த ஒரே எஃகுத் தகடு அழுத்தத்தையும் விடுவிப்பையும் தானே செய்வதால், திருப்ப நட்டும் இல்லை, சமப்படுத்த உயரமும் இல்லை. வெளியே கேபிளை இழுத்துச் சரிசெய்வதோடு மெக்கானிக்கின் வேலை முடிந்துவிடும், அதற்கும் அடங்காவிட்டால் தட்டு, பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் செட்டாக மாற்றிவிடுவார்கள். புதிய முறை நம்பகமானது, வேகமானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் 2014இல் உற்பத்தி நின்ற அம்பாசிடரின் பழைய மாதிரிகளை இன்றும் வைத்திருப்போர் சுருள் ஸ்பிரிங் பிரஷர் பிளேட்டைப் புதிதாகவே வாங்கினாலும், அதை ஃபிளைவீலில் பூட்டிய பிறகு மூன்று நெம்புகோல்களின் உயரத்தையும் அளந்து பார்க்காமல் கியர்பாக்ஸை ஏற்றினால், அதே வேலையை மறுவாரம் முதலிலிருந்து தொடங்க நேரலாம்.