வலையிலிருந்து வந்த பெயர்

திருவேற்காடு, மாங்காடு கோயில் வாசல்களிலும் ஆவடி, பூந்தமல்லிக் கடைத்தெருக்களிலும் ஊசிமணியும் பாசிமணியும் விற்பவர்களை நாம் நரிக்குறவர் என்கிறோம். அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் பெயர் வாக்ரி. இரண்டும் ஒரே மக்களின் பெயர்கள்தான். ஆனால் முதல் பெயர் அவர்களைப் பற்றித் தவறான செய்தி சொல்கிறது, இரண்டாவது பெயர் சரியான செய்தி சொல்கிறது. நரிக்குறவர் என்பதில் நரி ஒரு பாதி, குறவர் மறு பாதி. குறவர் சங்க காலக் குறிஞ்சி நிலத்திலிருந்து இங்கேயே வாழ்ந்துவரும் மக்கள். அவர்கள் மொழி தமிழுக்கும் எருகலா மொழிக்கும் உறவான திராவிட மொழி. வாக்ரிகளின் பேச்சோ இந்தோ ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தது, குஜராத்தி, ராஜஸ்தானி, மராத்தி வழக்குகளுக்கு நெருங்கியது. ஊர் ஊராகப் போகிறவர்கள், கூடை முடைகிறவர்கள், குறி சொல்கிறவர்கள், வேட்டையாடுகிறவர்கள் எல்லோரையும் நிலைகுடியினர் ஒரே கூட்டமாகப் பார்த்ததால் இந்த ஒட்டுப்பெயர் விழுந்திருக்கிறது. ‘எங்கள் பெயரை ஏன் அவர்களுக்கு வைத்தீர்கள்’ என்று குறவர் அமைப்புகளே கேட்டு வந்திருக்கின்றன. கேள்வி நியாயமானது.

அண்டை அயலார் இவர்களுக்கு வைத்த பெயர்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புலப்படும். தமிழில் நரிக்குறவர், குருவிக்காரர். தெலுங்கில் நக்கலவாண்ட்லு; நக்க என்றால் நரி. கன்னடத்தில் ஹக்கிபிக்கி, ஹக்கி என்றால் பறவை. தெருவுக்கு விற்பனைக்கு வந்த பொருளை வைத்து, வாங்கியவர்கள் சூட்டிய பெயர்கள் இவை. காடையும் கௌதாரியும் கொண்டுவந்தால் குருவிக்காரர், நரிக்கொம்பு என்று தாயத்து விற்றால் நரிக்காரர். 1909இல் வெளிவந்த தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய பெருந்தொகுப்பில் எட்கர் தர்ஸ்டன் குருவிக்காரர் என்ற தலைப்பில்தான் இவர்களைப் பற்றி எழுதினார். ஆனால் அந்தச் சாதியார் தங்களுக்குள் வழங்கும் பெயர் வாகிரி, வாகிரிவாலா என்றும் அதே பக்கத்தில் குறித்து வைத்தார். அந்தக் குறிப்பு அச்சாகி நூறாண்டுக்கு மேல் ஆகியும் பள்ளிப் பதிவேட்டிலோ அரசாணையிலோ அந்தப் பெயர் ஏறவில்லை.

வாக்ரி என்ற சொல்லின் வேர் எது? வடமொழியில் வாகுரா என்றால் விலங்கு பிடிக்க விரிக்கும் வலை, கண்ணி. அந்த வலையைக் கொண்டு வேட்டையாடுகிறவன் வாகுரிகன். பாலி மொழியிலும் இதே பொருளில் இச்சொல் உண்டு. காளிதாசனின் ரகுவம்சம் ஒன்பதாம் சருக்கத்தில் தசரதன் வேட்டைக்குப் போகும்போது, அவனுக்கு முன்பே காட்டுக்குள் இறங்குகிறவர்கள் வேட்டைநாய்க்காரர்களும் இந்த வாகுரிகர்களும்தான். குஜராத்தில் வேட்டைச் சாதியொன்றின் பெயராக வாக்ரி இன்றும் வழங்குகிறது. சிந்து மாகாணத்திலும் அந்தப் பெயருடைய மக்கள் இருக்கிறார்கள். சொல்லும் அதைத் தாங்கிய மக்களும் மேற்கு இந்தியாவிலிருந்து தெற்கே வந்த தடம் இதில் தெரிகிறது. இதற்கு மறுப்பாகப் புலிக்கதை ஒன்று சொல்வார்கள். குஜராத்தியில் வாக் என்றால் புலி, அதனால் வாக்ரி என்றால் புலியைப் போன்றவன் என்பது அக்கதை. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஒலி இடம் கொடுக்கவில்லை. வியாக்ர என்ற வடசொல் குஜராத்தியில் வாக் என்று தேய்ந்தபோதே அதன் ரகரம் போய்விட்டது. வாக்ரியில் அந்த ரகரம் நிற்பதற்குக் காரணம் வேண்டும். வாகுரிக என்ற சொல்லில் அது முதலிலிருந்தே இருக்கிறது. தர்ஸ்டன் காதில் விழுந்த ‘வாகிரி’யில் ககரத்துக்கும் ரகரத்துக்கும் நடுவே ஓர் உயிரொலி இருப்பதும் இதற்கே துணையாகிறது. புலிச்சொல்லின் சாயல் பிற்காலத்தில் ஏறியிருக்கலாம். ஆனால் வேர் வலைதான். அயலார் வைத்த பெயர்கள் இரையைச் சொல்கின்றன, வாக்ரிகளின் சொந்தப் பெயர் கருவியையும் கைத்திறனையும் சொல்கிறது.

அந்தக் கருவிக்குச் சென்னையின் மேற்குப் புறத்தில் இன்று வேலை இல்லை. அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் என்று ஏரியும் ஏரிப்பாசன வயலுமாக இருந்த நிலம் இது. 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் வந்தபின் மனைகளாகப் பிரிந்தது. 1972இன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் குற்றமாக்கியது. கையிலிருந்து வலை போனது, மணிமாலை வந்தது. ஆனால் வலையின் பெயரும் அந்தப் பெயரோடு வந்த மொழியும் வீட்டுக்குள் நிற்கின்றன. ஆவடியில் நிலையான வீடு கட்டிப் பிள்ளைகளைத் தமிழ்வழிப் பள்ளிக்கு அனுப்பும் குடும்பங்களிலும் அதுதான் பேச்சுமொழி.

அந்த மொழியைப் பற்றி வழக்கமாக எழும் மறுப்பு, அது தனிமொழியே அல்ல, போன ஊரிலெல்லாம் பொறுக்கிய கலப்பு என்பது. 1970இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஜி. சீனிவாச வர்மாவின் ஆய்வு இதற்கு விடை தந்துவிட்டது. ஒலியமைப்பும் இலக்கணமும் உடைய ஓர் இந்தோ ஆரிய மொழியாகவே அவர் அதை விவரித்தார். கடன்சொற்கள் இருப்பது கலப்புக்குச் சான்றானால் தமிழகத்தில் எந்த மொழிதான் தேறும்? மதுரையில் சௌராஷ்டிரர் பேசும் மொழியை எண்ணிப் பார்க்கலாம். அதுவும் மேற்கு இந்தியாவிலிருந்து வந்தது, அதிலும் தெலுங்கும் தமிழும் நிறையவே கலந்திருக்கின்றன. அதைக் கலப்பு என்று யாரும் தள்ளுவதில்லை. அதற்கு லிபியும் நூலும் உண்டு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குஜராத்தியின் கீழ் தனிப் பெயரும் உண்டு. வாக்ரிகளின் மொழிக்கு அந்த இடம் இல்லை. பத்தாயிரத்துக்குக் குறைவானோர் சொன்ன தாய்மொழிகளைக் கணக்கெடுப்பு பெயர் சொல்லி அச்சிடுவதில்லை. ஆனால் எண்ணிக்கை மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஒருவர் தறியோடு வந்தார், அரண்மனைக்குப் பட்டு நெய்தார். மற்றவர் வலையோடு வந்தார், ஊருக்கு வெளியே கூடாரம் போட்டார். பேசுகிறவரின் நிலை எதுவோ அதையே மொழியின் நிலையாகவும் எடுத்துக்கொண்டோம். மொழியின் பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. அதை வாக்ரிபோலி என்பார்கள். பின்பாதி இந்தியில் ‘போல்னா’ என்று வரும் அதே வேர், பேச்சு என்று பொருள். தமிழ் எழுத்தில் பகரத்தின் மென்மையைக் காட்ட வழியில்லாததால், படிக்கிறவர் கண்ணுக்குப் ‘போலி’ என்றே படுகிறது. கலப்பு என்ற பழி ஏற்கெனவே இருக்கும் மொழிக்கு இது வேண்டாத சுமை. தமிழில் எழுதும்போது வாக்ரி மொழி என்றே எழுதலாம்.

இனி, வலுவான இரண்டு எதிர்வாதங்கள். முதலாவது, நரிக்குறவர் என்ற பெயர் நிலைபெற்றுவிட்டது, அவர்களுடைய சங்கங்களே அந்தப் பெயரில் இயங்குகின்றன, சட்டமும் அதையே ஏற்றுக்கொண்டது என்பது. பழங்குடிப் பட்டியலை ஆராய்ந்த லோகூர் குழு 1965இல் பரிந்துரைத்த பழங்குடித் தகுதி, 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றிய மசோதாவால்தான் கைகூடியது. பட்டியலில் ஏறிய பெயர்கள் நரிக்கொரவன், குருவிக்காரன். அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்து பெற்ற சான்றிதழை யாரும் கலைக்கச் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் ஒரே வரிசையில் இரண்டு மூன்று பெயர்களைத் தாங்கும் பட்டியல் அது. மூன்றாவதாக வாக்ரி என்று சேர்ப்பதால் யாருடைய உரிமையும் குறையாது. தனித்த பண்பாடு என்பது லோகூர் குழு வைத்த அளவுகோல்களில் ஒன்று. அந்தத் தனித்தன்மைக்கு மொழியைவிடத் தெளிவான சான்று இவர்களிடம் வேறில்லை. அப்படியிருக்க, அந்த மொழியோடு ஒட்டாத பெயர் மட்டும் ஏட்டில் நிற்பது பொருந்தவில்லை.

இரண்டாவது எதிர்வாதம் இதைவிடக் கூர்மையானது. குஜராத்தில் வாக்ரி என்ற சொல் மற்றவர் வாயில் வசையாகிவிட்டது. அங்குள்ளோர் அதை உதறி, தேவிபூஜக் என்று தங்களை அழைத்துக்கொள்கிறார்கள். அங்கே உதறிய பெயரை இங்கே ஏன் தூக்கி நிறுத்த வேண்டும்? நான் இதை எதிர்ச்சான்றாகக் கொள்ளவில்லை. ஒரு மக்கள் தங்கள் பெயரைத் தாங்களே தீர்மானிக்கலாம் என்பதைத்தான் குஜராத் காட்டுகிறது. இங்கே தமிழர் வாயில் வாக்ரி என்ற சொல் வசையாகவில்லை, ஏனென்றால் பெரும்பாலோர் அதைக் கேட்டதே இல்லை. தெருவில் ஏளனத்தோடு வருவது நரிக்குறவர் என்ற சொல்லும், சினிமா பழக்கிய அந்த இழுவைப் பேச்சும்தான். நாளை இங்குள்ள வாக்ரிகளே வேறு பெயரைத் தேர்ந்தால் அதுவே சரியான பெயர்.

இந்தக் கேள்விக்கு இப்போது ஓர் அவசரம் வந்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் தமிழக அரசின் நிதிநிலை அறிக்கை, தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் ஆகியோரின் மொழி வளங்களையும் ஒலி வடிவங்களையும் ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் ஒதுக்கியது. நல்ல முடிவு. ஆனால் நரிக்குறவ மொழி என்று ஒரு மொழி கிடையாது. ஒலிப்பதிவுகளுக்குத் தலைப்பிடும்போதும், சொற்பட்டியல் அச்சாகும்போதும் எந்தப் பெயர் எழுதப்படுகிறதோ அதுவே இனிவரும் பாடநூலிலும் அகராதியிலும் நிற்கும். பதிவு செய்யப் போகிறவர்கள் முதல் கேள்வியாகப் பேசுகிறவரிடம் அவருடைய மொழியின் பெயரைக் கேட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும்.